மாதா காலடியில் ஸ்டெப்னி

வண்டிக்குப் பாடி கட்ட வேண்டுமென்றால் எங்கள் ஊரில் எல்லாரும் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய் வெல்டிங் பட்டறையில் விடுவார்கள். எங்கள் அப்பா ஓடாவியிடம் விட்டார். ஓடாவி என்றால் வள்ளம் கட்டுகிற தச்சர். பிறந்ததிலிருந்து வள்ளத்தைத் தவிர வேறெதையும் கட்டி அறியாத மனிதர். துறைமுக ரோட்டுப் பழைய இரும்புக் கடையில் வாங்கிய, பின்பாதி அறுக்கப்பட்ட ஒரு ஜீப்பை அவர் முன்னால் நிறுத்தி, "இதுக்குப் பின்னால மீன் பெட்டி ஏத்துத மாதிரி ஒண்ணு செஞ்சு தாரும்" என்றால் அவர் என்ன செய்வார்? வள்ளம்தான் செய்தார்.

அப்பாவை ஒரேயடியாகக் குற்றம் சொல்லிவிடவும் முடியாது. பதினைந்து வருடம் கப்பல் வேலைக்குப் போய்விட்டுக் கரையேறியவர். இரும்பைக் கண்டாலே அவர் கண்ணுக்குத் துருதான் தெரியும். மீன் பெட்டியிலிருந்து ஒழுகுகிற ஐஸ் தண்ணீர் இரும்புப் பாடியை ஒரே வருடத்தில் தின்றுவிடும், மரம் என்றால் நம் காலத்துக்கும் கிடக்கும் என்பது அவர் கட்சி.

வண்டி வந்து சேர்ந்த அன்றைக்கு ஊரே வேடிக்கை பார்க்கக் கூடியது. பக்கப் பலகைகள் இரண்டும் வயிறு உப்பி வளைந்திருந்தன. பலகை இடுக்குகளில் எல்லாம் பஞ்சு திணித்துத் தார் பூசியிருந்ததால் வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. உள்ளேயிருந்து ஒரு சொட்டு வெளியே வரவும் வராது என்பது முதல் மீன் லோடு ஏற்றிய பிறகுதான் தெரிந்தது. கணுக்காலளவு ஐஸ் தண்ணீரில் பெட்டிகள் மிதந்தன. அப்பா அடியில் நாலு ஓட்டை போட்டார். வள்ளத்தில் ஓட்டை போட்டவனோடு என்ன பேச்சு என்று ஓடாவி ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

போதாததற்கு, தரைப் பலகையின் நட்டநடுவில் பாய்மரம் ஊன்றுகிற குழி ஒன்று இருந்தது. வண்டிக்கு எதற்குப் பாய்மரக் குழி என்று அப்பா கேட்டதற்கு, "அது இல்லாம எப்படிவே?" என்று ஓடாவி திருப்பிக் கேட்டாராம். இத்தனையும் ஞாபகமாகச் செய்தவர் ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். ஸ்டெப்னி டயர் மாட்டுவதற்கு வண்டியில் இடமே வைக்கவில்லை. வள்ளத்துக்குச் சக்கரம் கிடையாது, அப்புறம் மாற்றுச் சக்கரம் மட்டும் எங்கேயிருந்து ஞாபகம் வரும்?

அடியில் மாட்டலாமென்றால் பலகை சேஸ் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் மாட்டலாமென்றால் வளைவில் நிற்கவில்லை. பின்னால் மாட்டினால் கதவு திறக்காது. மேலே வைக்கலாமென்றால் டிரைவர் தலைக்கு மேல் இருந்தது வெறும் தார்ப்பாய். கடைசியில் மீன் பெட்டிகளுக்கு நடுவே அதைப் படுக்கப் போட்டுவிட்டார்கள். அதன் நடுவில் கால் நீட்டி உட்கார்ந்து போகிற உரிமை ஒன்பது வயதான எனக்கு மட்டும் இருந்தது. என் பாவாடைகளில் எல்லாம் வட்டமாக ஒரு கறுப்பு முத்திரை விழுந்திருக்கும். "ஸ்டெப்னி" என்றுதான் பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இனி அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் தங்கை. கல்யாணமாகிப் பத்தே மாதத்தில் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்து எங்கள் வீட்டில் இருந்தாள். ஏன் வந்தாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் பீடம் சோடிப்பதென்றால் ஊரில் அவளை விட்டால் ஆள் கிடையாது. வெறும் தாளையும் ஜிகினாவையும் கொடுத்தால் போதும், கண்ணைப் பறிக்கிற மாதிரி எதையாவது செய்துவிடுவாள். திரும்பி வந்த பிறகு யாரும் அவளைக் கூப்பிடவில்லை. வாழாமல் வந்தவள் கையால் மாதாவுக்குப் பூ வைப்பதா என்று மாதா சபையில் யாரோ சொன்னார்களாம். யாரோ என்ன யாரோ, என் பெரியம்மாதான் சொன்னாள். அம்மாவின் அக்கா, சபைக்குத் தலைவி. ஊரில் சாமியாருக்கு அடுத்தபடி அவள் சொல்தான். சில நாள் சாமியாருக்கும் அவள் சொல்தான்.

இரண்டு திருவிழா அத்தை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பூசை பார்த்தாள். பீடத்தில் கோணலாக வைத்த பூச்சாடியைப் பார்த்து அவள் கை தானாகத் தூக்கிக்கொள்ளும். அப்புறம் அந்தக் கையை மற்றக் கையால் பிடித்து மடியில் வைத்துக்கொள்வாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர் மாதா சுரூபம் வருடத்துக்கு ஒருமுறை செம்மணல் தேரிக்காடு தாண்டி ஏழு கிலோமீட்டரில் இருக்கிற பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் பவனியாகப் போகும். வழக்கமாகப் பெரியப்பாவின் பிக்கப்பில்தான் போகும். கம்பெனி வண்டி, பளபளவென்று இருக்கும். ஆனால் முந்தின வருடம் அதில் மாதா ஆடிய ஆட்டத்தில் வலது கைச் சுண்டுவிரல் உடைந்துவிட்டது. பெரியம்மாவே அதை மெழுகு வைத்து ஒட்டியிருந்தாள். அதனால் அந்த வருடம் அவளுக்கு எங்கள் வண்டியின் பாய்மரக் குழி ஞாபகம் வந்தது. சுரூபத்தின் பலகைக்கு அடியில் ஒரு கம்பை முடுக்கிக் குழியில் இறக்கிவிட்டால் மாதா அசையமாட்டாள்.

கேட்பதற்கு அவளே வீட்டுக்கு வந்தாள். "வண்டிய மாதாவுக்குத் தாரியளா தம்பி?"

"தாரேன் மைனி. ஆனா சோடனை என் தங்கச்சி கையாலதான்" என்றார் அப்பா.

அடுப்படியில் அம்மா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அக்காவுக்கும் நாத்தனாருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு வருடமாக வாயைத் திறக்காத அம்மா, அன்றைக்கும் திறக்கவில்லை. பெரியம்மா விசிறிமட்டையால் நாலு தடவை விசிறிக்கொண்டாள்.

"சரி. ஆனா ரெண்டு காரியம். வண்டியில மீன் கவிச்சி அடிக்கக் கூடாது. அந்தக் கண்றாவி டயரு மாதா கிட்டத்துல கெடக்கக் கூடாது. இதுல ஒண்ணு தப்புனாலும் உங்க தங்கச்சி இனி கோயில் பக்கம் பூவத் தூக்கிட்டு வர வேண்டாம். நான் இருக்க வரைக்கும் வர வேண்டாம்."

கவிச்சியை அத்தை பார்த்துக்கொண்டாள். புளி போட்டு, சீயக்காய் போட்டு, மஞ்சள் போட்டு ஏழு தண்ணீர் கழுவினாள். சாம்பிராணிப் புகை போட்டு மூடி வைத்தாள். வாசனை போய்விட்டது என்று எல்லாரும் சத்தியம் செய்தார்கள். பூனைகள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

டயர் விஷயத்தில்தான் இடித்தது. "ஸ்டெப்னி இல்லாம நான் தேரிக்குள்ள வண்டிய எறக்க மாட்டேன். வழி நெடுக உடமுள்ளு" என்று அப்பா பிடிவாதமாகச் சொன்னார். கப்பலில் எல்லாவற்றுக்கும் ஒரு மாற்று வைத்திருப்பார்களாம். அத்தை பாய்மரக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, சக்கரத்துக்கு நடுவுல ஓட்ட இருக்குல்லா?"

"இருக்கு."

"மாதா பரலோகத்துக்குப் போறப்ப எதுல நின்னா?"

"மேகத்துல."

"அம்புட்டுத்தான்" என்றாள் அத்தை.

சக்கரத்தைக் குழிக்கு நேர்மேலே படுக்க வைப்பது, அதன் நடு ஓட்டை வழியாகக் கம்பை இறக்குவது, டயர் மேல் பலகை உட்கார்ந்துகொள்ளும், டயரைச் சுற்றிப் பஞ்சால் மேகம் செய்துவிடுவது. திட்டம் இவ்வளவுதான். இதற்கென்று பழைய டயரை அப்பா எடுக்கப்போக, அத்தை விடவில்லை. "மீன் சகதியில உருண்ட டயர்லயா மாதாவ நிறுத்தச் சொல்லுத?" பின் இடது சக்கரம் மொட்டையாகத் தேய்ந்துவிட்டதால் அதற்கு மாற்ற அப்பா புது டயர் ஒன்று வாங்கி வைத்திருந்தார். அதை ஸ்டெப்னிச் சக்கரத்தில் ஏற்றினார்கள், அது மேகத்துக்குள் போயிற்று. மொட்டை டயர் ரோட்டிலேயே இருந்தது. ஏழு கிலோமீட்டர்தானே என்று அப்பாவும் விட்டுவிட்டார். மாதாவுக்குப் புதுசு, நமக்குப் பழசு என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வந்ததே இல்லை.

அத்தை ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து மேகம் செய்தாள். அடியில் லேசாக நீலம் தடவி, மேலே வெள்ளைவெளேரென்று சுருட்டிச் சுருட்டி, நடுநடுவே வெள்ளி ஜிகினா வைத்து. அப்படி ஒரு மேகத்தை நான் வானத்தில்கூடப் பார்த்ததில்லை. செய்யும்போது வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டிருந்தாள். இந்த ரகசியம் தெரிந்த மூன்றாவது ஆள் நான். அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. எனக்குச் சம்மனசு வேஷம் போட்டு, அட்டை இறக்கை கட்டி, மாதா பக்கத்தில் நிற்க வைத்தார்கள். பார்க்கிறவர்களுக்கு நான் கைகூப்பி நிற்கிற சம்மனசு. உண்மையில் எனக்குக் கொடுத்திருந்த வேலை வேறு. பஞ்சு விலகிக் கறுப்பு தெரிந்தால் குதிகாலால் உள்ளே தள்ள வேண்டும்.

மூன்று மணிக்குப் பவனி கிளம்பியது. முன்னால் பாண்டு மேளம், அப்புறம் கொடிகள், எங்கள் வண்டி, இரண்டு பக்கமும் சபைப் பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டு. எல்லாருக்கும் பின்னால் பெரியப்பா தன் வண்டியில் நடக்க முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்தபடி வந்தார். மாதா இம்மிகூட அசையவில்லை. "மேகம் யாரு செஞ்சது?" என்று வழியெல்லாம் கேட்டார்கள். அத்தை வண்டிக்குப் பின்னால் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு தனியாக நடந்து வந்தாள். அவளுக்கும் பின்னால் நாலு பூனைகள் பக்தியோடு வந்தன.

தேரிக்குள் நுழைந்து பாதி தூரம் போயிருப்போம். டமாரென்று ஒரு சத்தம். பாண்டுக்காரர்கள் அதை வேட்டுச் சத்தம் என்று நினைத்து இன்னும் வேகமாக வாசித்தார்கள். வண்டி இடது பக்கம் சாய்ந்து சிவப்பு மணலில் உட்கார்ந்தது. மொட்டை டயர் வாயைப் பிளந்து கிடந்தது. ஒட்டுப் போடவும் வழியில்லை, கிழிசல் என் கை நீளம்.

பெரியப்பா இறங்கி வந்தார். வரும்போதே அவர் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. "நான் அப்பமே சொன்னேம்லா? வள்ளத்தக் கொண்டாந்து ரோட்டுல விட்டா இப்படித்தான் ஆவும். ஸ்டெப்னி எங்கலே?"

அப்பா குனிந்து கிழிந்த டயரைத் தடவிப் பார்த்தார்.

"வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டியா? கப்பக்காரனாம் கப்பக்காரன்! எங்க வண்டி டயரும் இதுக்குச் சேராது. மாதாவ எறக்கி நம்ம வண்டியில ஏத்துங்கலே. அங்கன சாமியார் அஞ்சரப் பூசைக்குக் காத்துக்கிட்டு நிக்காரு."

கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இருக்கிறது, என் குதிகாலுக்குக் கீழே புத்தம்புதுசாக இருக்கிறது என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் கத்தினால் அத்தை தொலைந்தாள். கத்தாவிட்டாலும் தொலைந்தாள். மாதாவைத் தூக்கினால் அடியில் என்ன இருக்கிறதென்று எல்லாருக்கும் தெரிந்துவிடுமே. சம்மனசாக நின்றுகொண்டு நான் உதட்டைக் கடித்தேன்.

அப்பா பெரியம்மா பக்கம் திரும்பினார். "மைனி, ஒரு தப்பு நடந்துபோச்சு. நாந்தான்..."

"அண்ணன் இல்ல." அத்தை முக்காட்டைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். அவள் குரல் எல்லாருக்கும் கேட்டது. "ஸ்டெப்னி மாதா காலடியில இருக்கு. மேகத்துக்குள்ள. நாந்தான் வச்சேன்."

பாண்டு மேளம் அப்போதுதான் நின்றது. எவ்வளவு தப்பான நேரத்தில் நின்றது என்று இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது. "மாதா காலுக்கடியில டயரா? ஐயோ, சேசுவே!" என்று ஒருத்தி நெஞ்சில் கைவைத்தாள். இன்னொருத்தி சிலுவை போட்டாள். எல்லாரும் பெரியம்மாவைப் பார்த்தார்கள்.

பெரியம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினாள். என்னை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பஞ்சுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் தடவினாள். "புதுசா?" என்று கேட்டாள்.

"புதுசுதான் அக்கா. தரையிலயே படல" என்றாள் அத்தை.

பெரியம்மா நிமிர்ந்து மாதாவின் வலது கையைப் பார்த்தாள். சுண்டுவிரலைத் தொட்டாள். மெழுகுகூட விரிசல் விடவில்லை. பாதி தேரியைத் தாண்டி, டயர் வெடித்து, வண்டி குடைசாயப் பார்த்து, அத்தனைக்கும் பிறகு அந்த விரல் அப்படியே இருந்தது. பெரியம்மா திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தாள். முந்தின வருடத்து விரல் அவர் கணக்கில் இருந்தது.

"கல்லு பீடத்துல நிக்கா, மரத்துல நிக்கா, ரப்பருல நின்னா என்ன குறஞ்சு போச்சு? மெத்து மெத்துன்னுல்லா வந்திருக்கா!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். "பாத்துக்கிட்டு நிக்கிய? மாதாவத் தூக்கிட்டு அத எடுத்து மாட்டுங்க!"

அப்பா ஜாக்கியை வைத்தார். தேரி மணல் அதை மெதுவாக விழுங்கிவிட்டது. பலகை வைத்தார், பலகையோடு சேர்த்து விழுங்கியது. அப்போது யாரோ சிரித்துக்கொண்டே, "ஏலே, வள்ளத்துக்கு எதுக்குலே ஜாக்கி?" என்றார்கள். அவ்வளவுதான். சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு இருபது பேர் எங்கள் வண்டியின் வயிற்றுக்கு அடியில் தோளைக் கொடுத்தார்கள். கரையிலிருந்து வள்ளம் தள்ளுகிற அதே கூப்பாடு. அந்த வளைந்த பலகைகள் தோளுக்குத் தோள் அளவெடுத்த மாதிரிப் பொருந்தின. பெரியப்பாவுக்கு என்ன தோன்றியதோ, அவரும் வெள்ளைச் சட்டையோடு போய்க் குனிந்தார். பாண்டுக்காரர்களுக்கு மறுபடியும் உயிர் வந்தது.

ஆண்கள் எல்லாம் வண்டிக்கு அடியில். அப்படியென்றால் மாதாவைத் தூக்குவது யார்? எங்கள் ஊரில் சுரூபத்தைத் தொட்டுத் தூக்குவது ஆண்கள் வேலை. பெண்கள் பூ வைப்பார்கள், பாட்டுப் படிப்பார்கள், அத்தோடு சரி. "ஏன், நமக்குக் கையில்லையா?" என்றாள் பெரியம்மா. பலகைக்கு நாலு மூலை. ஒரு மூலையை அவளே பிடித்தாள். இரண்டு மூலைக்கு இரண்டு பெண்களைக் கூப்பிட்டாள். நாலாவது மூலைக்குப் பத்துக் கைகள் நீண்டன.

பெரியம்மா அந்தக் கைகளை எல்லாம் விலக்கினாள். "ஏளா, நீ வா" என்றாள், பின்னால் நின்ற அத்தையைப் பார்த்து.

அத்தை அசையவில்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறாளா என்று திரும்பிப் பின்னால் பார்த்தாள். அங்கே பூனைகள்தான் நின்றன.

"உன்னயத்தான். வந்து பிடிளா, கை கடுக்குது."

நாலு பேரும் மாதாவைத் தூக்கி வண்டியை விட்டு இறக்கினார்கள். மேகம் பிய்ந்து காற்றோடு பறந்தது. அப்பா புதுச் சக்கரத்தை மாட்டி நட்டை முடுக்கியபோது இருபது பேரும் ஒரே குரலில் போட்ட சத்தத்தில் தேரிப் பனைகளில் இருந்த பறவைகள் எல்லாம் கிளம்பின. "ஏத்துங்க மாதாவ" என்றார் அப்பா. பெரியம்மா ஏற்றவில்லை. "வண்டி முன்னால போகட்டும். இனி நாங்களே சுமந்துக்கிட்டு வாரோம்" என்றாள். மூன்று கிலோமீட்டர். மூலைக்கு மூலை ஆள் மாற்றினார்கள். அத்தை மட்டும் மாறவே இல்லை. யாரும் அவளை மாறச் சொல்லவும் இல்லை.

அப்பா ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு முன்னால் போனார். அந்த ஊர்க்காரர்கள் எதிரே ஓடி வந்து, பெண்கள் தோளில் மாதா வருவதைப் பார்த்து வாயில் கைவைத்து நின்றார்கள். எங்கள் பெண்கள் தலையை நிமிர்த்திக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனார்கள். சாமியார் அஞ்சரைப் பூசையை ஆறு மணிக்குத்தான் ஆரம்பித்தார், அதற்காக யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அந்த மூன்று கிலோமீட்டரும் நான் வண்டியில் ஏறவில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது. கோயில் வாசலில் அவர்களைப் பிடித்தபோது என் இறக்கையில் ஒன்றைக் காணோம், கையெல்லாம் முள் கீறல். மாதாவைத் தோளில் வைத்துக்கொண்டு அத்தை அழுதுகொண்டிருந்தாள். கண்ணீர் தாடை வழியாக ஓடியது, துடைக்கக் கை இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து செய்தது, காற்றில் போனால் அழுகை வராதா? பாவாடை மடியை விரித்து அவளிடம் காட்டினேன்.

"அழாத அத்தை. முள்ளுல மாட்டுன பஞ்சு பூராவும் பெறக்கிட்டேன்."